ஸ்டெல்லா அக்காவைக் கொத்திய வாத்து

எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம். அல்சர் என்கிறார் டாக்டர். பாவம், அவருக்கு என் அக்காவைத் தெரியாது.

அக்கா ஸ்டெல்லா கல்யாணமானதும் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். மாமாவுக்கு அங்கே ஒரு கிராமத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை. நான் வடக்குப்பட்டில், அம்மாவோடும் ஒரு எருமையோடும். மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தையும் முறத்தோடு வந்துவிடுவாள்.

'எங்க கிராமத்துல ஒரு கல் பாலம் இருக்கு. எங்க கிராமத்துல ஆப்பிள் தானா கீழ விழும்.'

எங்க கிராமமாம்! (இருபது வருசம் இந்த மண்ணில் புரண்டவள்!) அந்த இரண்டு வார்த்தை எனக்குள் புகுந்து வெளியே வரவே இல்லை. வரப்பில் நடந்தால் ஆப்பிள் விழும் சத்தம். எருமைக்குத் தண்ணீர் காட்டினால் ஆப்பிள் விழும் சத்தம். நான் அதுவரை ஆப்பிளைக் கையில் பிடித்ததுகூட இல்லை.

முதலில் கொஞ்சம் வெட்டினேன். ஆப்பிள் வரும் இடத்தைத் தாண்டிப் படித்தேன். பிறகு கொஞ்சம் சேர்த்தேன். மழையை அவளே எழுதியிருந்தாள், சேற்றை நான் போட்டேன். ஒரு நாள், அவள் கல் பாலத்தின் மேல் நிம்மதியாக நடந்து போவதைப் பொறுக்க முடியாமல், எதிரே ஒரு வாத்தை விட்டேன்.

வெள்ளை வாத்து. முழ நீளக் கழுத்து. கோயிலுக்குப் போகிற அக்காவைத் துரத்தி, குதிகாலில் கொத்தியது.

"ஐயோ, எம்பொண்ணு!" என்றாள் அம்மா.

கன்னியம்மா அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம் இன்னா ஆச்சு?"

அந்த 'அப்பறம்'தான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு வாத்து வராத கடிதமே இல்லை. தெருப் பெண்கள் பாதிப் பேர் எங்கள் வாசலில். அம்மா வாத்துக்காகவே ஜெபமாலை சொன்னாள். அந்த மிதப்பில் ஒருமுறை இன்னொரு வரியும் படித்துவிட்டேன்: 'பெட்டியில இருக்கிற என் அரக்குப் பட்டுப் புடவைய ரூபிக்கே குடுத்துடும்மா. அவ என்னைவிட அழகு.' (ரூபி நான்தான். கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம்தான்.)

நாலு வருசம் இப்படிப் போயிற்று. 1991 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு வருவதாக அக்கா எழுதினாள். அந்த ஒரு கடிதத்தைத்தான் உள்ளது உள்ளபடி படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு ஜுரம் வந்துவிட்டது.

வருகிற அன்று அம்மா அரக்குப் பட்டை எடுத்து நீட்டினாள். "கட்டிக்கோ. அவ குடுத்தத கட்டலன்னா மனசு கஷ்டப்படுவா."

கட்டிக்கொண்டேன். தூக்குமேடைக்குப் பட்டுடுத்திப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டாக்சி வந்து நின்றது. ஷூவும் சாக்ஸுமாக அக்கா இறங்கினாள். அம்மா அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. நடுத்தெருவில் குந்தி, ஷூவைப் பிடுங்கிப் போட்டு, சாக்ஸை உருவினாள்.

"எந்தக் காலுடி கண்ணு?"

"இன்னாம்மா காலு?"

"வாத்து கொத்தன காலுடி!"

"வலது," என்றாள் கன்னியம்மா அத்தை. "ஆடி மாசம் எடதுலயும் ஒண்ணு."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, ஆசாரியிடம் சொல்லிச் செய்த, வெள்ளித் தகட்டில் ஒரு சின்னக் கால். "மாதாவுக்கு நேந்துகினேன். உங்கையால குடுத்துட்டு வா."

"எந்த வாத்தும்மா?" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அது என் பொடவதானே?"

"நீதானடி குடுக்கச் சொல்லி எழுதன!"

பிஸ்கட் டப்பா வந்தது. அத்தனை கடிதமும் அதில்தான். அக்கா ஒன்றை எடுத்துத் தெருவிலேயே படித்தாள். மழை. பாலம். ஆப்பிள். தங்கள் அன்பு மகள். அவ்வளவுதான்.

"நல்லாப் பாரு," என்றாள் கன்னியம்மா அத்தை, "மடிப்புல இருக்கும்."

இல்லை. எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பின. அம்மா அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை.

"அப்போ எம்பொண்ணு எழுதனது ஒண்ணுகூட எங்காதுல வுழலியா?"

நான் புடவையை அவிழ்க்க உள்ளே ஓடினேன்.

அன்று மத்தியானம் முழுக்க அக்கா முதல் கடிதத்திலிருந்து படித்தாள். நாலு வருச ஆப்பிள் ஒவ்வொன்றாக அம்மாவின் மடியில் விழுந்தது. மூன்றாவது கடிதத்திலேயே, "ஒண்ணுமே நடக்கலியே இதுல" என்று கன்னியம்மா அத்தை எழுந்து போய்விட்டாள். (அந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை.) நான் உள்ளே பட்டை மடித்துக்கொண்டிருந்தேன். நான் வேண்டுமென்றே தாண்டிய ஒரு வரி சுவர் தாண்டி வந்தது: 'ரூபி தினமும் உன் கையால சாப்புடுறா. குடுத்து வெச்சவ.' என்னைப் பார்த்துப் பொறாமைப்படும் சுகத்தைக்கூட அவளுக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் அம்மா வெள்ளிக் காலை என் கையில் திணித்தாள். "நீயே போய்க் குடு. உன் நாக்குக்குன்னு சொல்லிக் குடு. ஆசாரிகிட்ட போய் நாக்கு செய்யச் சொல்ல எனக்கு வெக்கமா கீது."

இப்போது எருமை மேய்ந்த இடத்தில் கம்பெனிச் சுவர். ஷிப்ட் முடிந்து என் மகன் தாமதமாக வந்து "ஓ.டி.ம்மா" என்றால், வீட்டில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை: "ஓ.டி.யா, வாத்தா?"

போன வாரம் வீடியோ காலில் அக்கா தன் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கல் பாலம், வெள்ளை வாத்து, முழ நீளக் கழுத்து. சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைக் காமிராவில் காட்டினாள். தழும்பு வேறு இருந்தது. (ஷூ கடித்தது!)

"யக்கா, அது என் வாத்து," என்றேன்.

"போடி," என்றாள். "அது எங்க கிராமத்து வாத்து."

வயிறு எரிகிறது, டாக்டர்.