ஆக்ஸிஜனை விரட்டிய போன்

தன் வீட்டம்மா போட்ட சத்தத்தில், எஃகுக் குழாய்க்குள் ஒளிந்திருந்த ஆக்ஸிஜனே துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடியது என்பார் நோண்டியார். நம்பத்தான் ஆளில்லை.

நைட்ரஜன் ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பது அவர் குணம். பெயர் வந்தது அதனால்தான்.

அன்று பகல் இரண்டரை மணி. வாசலில் நைட்ரஜன் லாரி நின்றது. அதில் ஆக்ஸிஜன் வாடையே இருக்கக்கூடாது. அதைச் சோதிக்கும் கருவியை முதலில் சரிபார்க்க வேண்டும். பத்து லட்சத்தில் பத்தே பங்கு ஆக்ஸிஜன் என்று சான்றிதழோடு வந்த சிலிண்டரை மாட்டினார். கருவி பத்து காட்ட வேண்டும், பதினாலு காட்டியது.

"நாலு மணிக்குள்ள பத்து வரலேன்னா, நாளையிலேர்ந்து நீங்க ஸ்டோர்ல நட்டு எண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

"இப்பதானே மாட்டினீங்க? சும்மா விடுங்க, குழாய்ல மாட்டின காத்து வெளிய போனதும் தானா இறங்கும்," என்றார் சோதனைக்கூட மேடம்.

"சும்மா இருக்கறதுக்கா மேடம் சம்பளம் தர்றாங்க?"

இணைப்பை இன்னும் இறுக்கலாம் என்று, முதலில் தளர்த்தினார். காற்றுக்கு ஊசிமுனை இடைவெளி போதாதா? மாமியார் வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி உரிமையோடு நுழைந்தது. எண்பது!

"குழாய்ல தூசு," என்று அதைக் கழற்றி, வாயை வைத்து 'ஃபூ' என்று ஊதினார். அறுநூறு!

"ஐயோ, ஊதினா உங்க மூச்சுதானே உள்ள போகும்?"

"அப்ப சென்சார்தான் அழுக்கு." அதையும் திறந்து கைக்குட்டையால் துடைத்தார். ஆயிரத்துக்கு மேல் எண்ணத் தெரியாத கருவி, கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது.

மணி மூன்று. மேடம் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். நோண்டியார் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, சிலிண்டர் வாயுவைத் திறந்துவிட்டு, மறுபடி ஸ்பேனரைத் தூக்கினார்.

போன் அடித்தது. வீட்டம்மா.

"நல்லா ஓடின மிக்ஸியை எதுக்குங்க பிரிச்சீங்க? மாட்டின அப்புறம் நாலு ஸ்க்ரூ மிச்சம்! கையில என்ன அது? சத்தம் கேக்குது. கீழ வைங்க!"

ஸ்பேனர் கீழே போனது. போனில் என்றாலும் மனைவி முன் கைகட்டி நிற்பதுதான் அவர் மரபு. போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

மிக்ஸி முடிந்து கடிகாரம் வந்தது. கடிகாரம் முடிந்து, கல்யாணத்தன்று அவர் பிரித்துப் போட்ட மைக்செட் வந்தது.

"அதுவாம்மா... அப்பவே அது..."

"நான் இன்னும் முடிக்கலை!"

திரும்பி வந்த மேடம் கருவியைப் பார்த்தார். எழுநூறு. மின்விசிறி வந்தபோது இருநூறு. மச்சினன் சைக்கிளுக்கு நாற்பது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பேச்சு பக்கத்து வீட்டு அழைப்பு மணிக்கு வந்தபோது, சொல்லி வைத்தாற்போல் பத்து!

லாரி நைட்ரஜனைச் சோதித்ததில் வெறும் இரண்டு, தேறிவிட்டது. லாரி புறப்பட்டது. நோண்டியார் அன்றே பெருமையடிக்கத் தொடங்கினார்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத சோதனைக்கூட மேடத்திடம் கேட்டார். "ஏம்மா, திட்டுக்குப் பயந்து ஆக்ஸிஜன் ஓடுச்சாமே? நிஜமா?"

"நிஜம்தான் சார். இவர் கை ஒரு மணி நேரம் மெஷின் மேல படாம பார்த்துக்கங்கம்மான்னு அவங்களுக்கு போன் போட்டது நான்தான். 'ஒரு மணி நேரம் போதுமா?'ன்னு கேட்டாங்க."