படிக்கட்டில் வாசித்த லீட் கிட்டார்

கிட்டார் வாசிப்புக்காக என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, நான் வாசிக்காத ஒரு சத்தத்துக்குக் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. தோள்வரை முடி, எந்த வெயிலிலும் கழற்றாத கறுப்பு ஜாக்கெட் (பினாங்கு வெயிலில் அது ஒரு தண்டனை, நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது). நான்கு பேர் சேர்ந்த எங்கள் ராக் பேண்டில் நான் லீட் கிட்டார். அதாவது, பாட்டின் நடுவே தனியாக வாசித்து அசத்த வேண்டியவன். ரவி ரிதம் கிட்டார். பாட்டு முழுக்கப் பின்னாலிருந்து கனமாக அடித்துக்கொண்டே இருப்பான். பைராம் என்ற தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. கிட்டாரைத் தொட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஃபெரிக்குக் காத்திருப்பவர்களுக்கும் கேட்கும்.

அப்பா தம் அலுவலகத்தில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலை பேசி வைத்திருந்தார். எனக்கு ஒரு வருடம் வேண்டும், இசையில் முயன்று பார்க்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீ வாசிக்கிறத ஒரு கேசட்டுல போட்டுக் கொண்டா. கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம், ஜார்ஜ் டவுனில் பலசரக்குக் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனோம். அதை நடத்தியவர் லிம் என்ற சீனர். ரவி தன் பகுதியை இரண்டு முறை பதிவு செய்தான், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பிறகு நான் நான்கு மாதம் பயிற்சி செய்த என் தனி வாசிப்பு. போட்டுக் கேட்டோம். தகரக் கூரையில் பேய்மழை கொட்டும்போது உள்ளே யாரோ விசும்புவது போலிருந்தது. அந்த விசும்பல்தான் நான்.

என் சத்தத்தை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். இப்போது தன்னுடையது இளைத்துவிட்டதாக ரவி வருத்தப்பட்டான். அதையும் ஏற்றினார். மறுபடி என்னுடையது. மறுபடி ரவியுடையது. ஒலியளவு காட்டும் முட்கள் எல்லாம் சிவப்புப் பக்கத்தில் போய்ச் சாய்ந்து கிடந்தன. நான் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

லிம் ஹெட்ஃபோனைக் கழற்றினார். நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள், ஒருவர் நகர வேண்டும் என்று மலாயில் சொன்னார்.

நான் எழுந்து மூலையில் போய் நின்றேன்.

(சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.) லிம் இல்லையென்று தலையை ஆட்டினார். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆம்ப்ளிஃபயரை இழுத்துக்கொண்டு அறைக்கு வெளியே படிக்கட்டுக்குப் போனேன். எதிரொலிக்காகத்தான் போகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மைக்கைக் கொண்டுவந்து வைத்தார். கட்டைக்கும் கீச்சுக்கும் நடுவிலுள்ள ஒலியை எங்கள் இரண்டு கிட்டாரும் பிடித்துக்கொண்டிருந்தன, ரவியிடம் அதைக் கொஞ்சம் குறைத்திருந்தால் நான் தானாக வெளியே வந்திருப்பேன் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்று படிக்கட்டில் நின்று கண்ணை மூடி வாசித்தேன். அடுத்த குழு வாசலில் காத்திருந்ததால் மறுபடி கேட்க நேரமில்லை. கேசட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அன்று மாலை வீட்டில் அப்பா, அம்மா, தங்கை மூவரும் உட்கார்ந்து கேட்டார்கள். மழை கொட்டியது. என் இடம் வந்தது. மழை மட்டும் கொட்டியது. பிறகு ரவி ஒரு கணம் நிறுத்தும் இடம். நானும் அங்கே மூச்சு வாங்க நிறுத்தியிருந்தேன். அந்த இடைவெளியில், மிகத் தெளிவாக, "பூம்... பூம்" என்றது.

நான் படிக்கட்டில் வாசித்தபோது கீழே தெருவில் போன ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன். ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துமே, அது.

"இந்த எடம் நல்லா இருக்குலா" என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். "இதுதான் நீயா?"

"ஆமாப்பா."

"தெளிவாக் கேக்குது. சரி, ஒரு வருசம் எடுத்துக்க."

சந்தோஷப்படுவதா, ஓடிவிடுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் மாலை கெலுகோரிலிருந்து மாமா குடும்பம் வந்தது. அம்மா பெருமையாகக் கேசட்டைப் போட்டுக் காட்டி நிறுத்தினார். அந்தப் பூம் பூமை நேரில் வாசித்துக் காட்டச் சொன்னார் மாமா. தடித்த தந்தியைத் தளர்த்தி இழுத்தேன். மாடு ஏப்பம் விட்டது போல வந்தது. இன்னும் தளர்த்தினேன். மாடு படுத்துவிட்டது. வியர்த்துக் கொட்ட மூன்றாவது முறை நான் கையை வைத்த நேரம், "பூம்... பூம்" என்று கணீரென்று கேட்டது. மாமா கைதட்டினார்.

என் கை இன்னும் தந்தியில் படவில்லை. எல்லோரும் கேசட் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அது ஓடலப்பா" என்றாள் தங்கை.

ஹாரன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்பா சன்னல் வழியே எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஒன்னோட லீட் கிட்டார் போவுது பாரு. நிப்பாட்டி ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வா."

வாங்கிவந்தேன். திங்கட்கிழமை முடி வெட்டிக்கொண்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். முப்பது வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

ரவிக்கு மட்டும் இந்தக் கதை தெரியாது. அவனிடமும் கேசட்டின் ஒரு பிரதி இருந்ததால், அந்தச் சத்தம் என் கைவண்ணம் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். என் மகள் கல்யாணப் பந்தியில், என் குடும்பம் முழுவதும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவன் வழக்கமான மெல்லிய குரலில் கேட்டான்:

"அந்தப் பூம் பூம் எப்படிடா எடுத்த? நானும் இத்தன வருசமா முயற்சி பண்றேன், வரல."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அது கிட்டார்ல வராதுண்ணே. ரொட்டி விக்கணும்."