முடக்கத்தான் பேரவையின் ஆயுட்கால உறுப்பினர்

மனிதகுலத்தின் முழங்கால்களைக் காக்கத் தோன்றிய இயக்கங்களில், திண்டுக்கல் முடக்கத்தான் பேரவைக்கு நிகரானது வேறில்லை. அதன் 'நிறுவனத் தலைவர்' பொன்னுத்துரை ஊரெங்கும் முடக்கத்தானின் மகிமையை முழங்கியவர். உட்கார்ந்தேதான் முழங்குவார். நின்றால் முழங்கால் வலிக்கும்.

மனைவி மாயம்மாள் தினமும் சுட்டுக் கொடுக்கும் முடக்கத்தான் தோசை கசந்தது. அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், ஆண்டுவிழா விருந்துக்காக எரியோடு சந்தையில் வாங்கிக் கட்டியிருந்த கிடாவுக்கு ஊட்டிவிடுவார். செயலாளர் பிராங்க்ளினும் தன் பங்குக் கீரையை அங்கேதான் கொண்டுவந்து போட்டார்.

"இம்புட்டுத் தின்னும் ஏங்க நொண்டுறீங்க?"

"அம்புட்டும் பயோஆக்டிவ் காம்பவுண்டுடி. மெதுவாத்தான் வேலை செய்யும்."

"நம்ம காம்பவுண்டுல படர்ந்த கொடி எனக்குத் தெரியாதாக்கும்?"

வந்தது வினை. ஆண்டுவிழாவன்று தலைவர் மலைக்கோட்டையில் 'தடையின்றி' ஏறுவார் என்று பிராங்க்ளின் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டிவிட்டார். ஏறாவிட்டால் பதவியும் போகும், மானமும் போகும்.

அன்று காலை கூட்டம் கைதட்ட, நாலாவது படியிலேயே முழங்கால் 'ராஜினாமா' செய்தது. தலைவர் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, அடிவாரச் சமையல் பந்தலில் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிக் குதித்து, ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போய் நின்றது.

பொன்னுத்துரை மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா! ஒரு வருசமா என் கையால முடக்கத்தான் தின்ன கிடாய்யா அது!"

ஆரவாரம் அடங்க வெகுநேரமானது. மாயம்மாள் மட்டும் கைதட்டவில்லை. "அப்ப நான் சுட்ட தோசையெல்லாம்?"

அதற்குப் பதிலாகக் கிடாவுக்கு மாலை போட்டு, 'ஆயுட்கால உறுப்பினர்' பட்டம் வழங்கப்பட்டது.

"உங்க மானத்தக் காப்பாத்துன வாயில்லாச் சீவன். அத விட்ருங்க," என்றாள் மாயம்மாள்.

பொன்னுத்துரைக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் பந்தலிலிருந்து பட்டையும் கிராம்பும் வதங்கும் வாசம் வந்தது. "மசாலா அரைச்சாச்சு. பேரவை முடிவ நான் ஒருத்தனா மாத்த முடியுமா?"

ஆயுட்காலம் மதியத்துக்குள் முடிந்தது.

"கறி பஞ்சா இருக்குல்ல?" என்று எலும்பை உறிஞ்சினார் பிராங்க்ளின்.

"இப்பத்தான் மூலிகைச் சத்து எனக்குள்ள இறங்குது," என்று நெகிழ்ந்தார் தலைவர்.

முடக்கத்தான் உண்டால் நீண்ட ஆயுள் நிச்சயம் என்ற தீர்மானம், அதை உண்ட ஒரே உறுப்பினரைத் தின்று முடித்த கையோடு, ஒருமனதாக நிறைவேறியது.