பொழுது சாய்வதற்குள் ஓர் அறிக்கை

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒலிபெருக்கியின் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியது. அவர் புனலைப் பிடித்தார். நான் ஊற்றினேன். ஊற்றி முடிக்கும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். எதிரில் பேட்டரிதான் இருந்தது, பேட்டரியிடமே பேசினார். "பெரியோர்களே, தாய்மார்களே, வாடகைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது" என்று தொடங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கான ஒத்திகை அது. ஞாயிறு வந்தது. கூட்டம் நடக்கவில்லை.

ஆகவே இந்த இனத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. அதனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான்.

இனத்தின் பெயர், தொகுதிக்கு அறிக்கை கொடுப்பவர். எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களும் இதில் சேர மாட்டார்கள். ஜெயித்த மறுநாள் சென்னைக்குப் பஸ் ஏறி, அடுத்த தேர்தலுக்கு இறங்குகிறவர்கள் வேறு இனம், எண்ணிக்கையில் பெரியது, அதைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது, சபையில் என்ன சட்டம் நிறைவேறியது, தொகுதிக்கு என்ன நிதி வருகிறது என்று மாதம் ஒரு முறை ஜனங்களைக் கூட்டி வைத்துச் சொல்லாவிட்டால் உடம்புக்கு முடியாமல் போய்விடுகிற பிறவியை. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைக்கை இரண்டு விரலால் தட்டுவார். அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகும் தட்டுவார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையில் இருக்கும் தாளைப் பார்ப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளில் இருப்பதையே மனப்பாடமாகச் சொல்வார்.

என் அப்பா குந்துநாதன் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. வீடு திருப்பருத்திக்குன்றம். கூட்டம் போடுவது சின்ன காஞ்சிபுரம் தேரடியில். எழுபத்தொன்றில் ஜெயித்தவர், அதற்குப் பிறகு ஒரு மாதமும் தப்பவிடவில்லை. நான் பொறியியல் படித்து அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மோட்டார் சுருள் என் துறை. அப்பாவின் பார்வையில் என் படிப்பின் முழுப் பயன், மைக் செட் கரகரக்காமல் இருப்பது. அதனால் மாதம் ஒரு ஞாயிறு ஊருக்கு வருவேன்.

இந்த இனத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஒரு குழாய் போட்டால் எனக்கு அது ஒரு வேலை. அறிக்கைக்காரருக்கு அது ஆறு. முதல் மாதம் அது பரிசீலனையில் இருக்கும். அடுத்த மாதம் கொள்கையளவில் ஏற்கப்படும். பிறகு மதிப்பீடு தயாராகும், ஒப்புதல் கிடைக்கும், நிதி ஒதுக்கப்படும், டெண்டர் விடப்படும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கைதட்டல். ஓரிக்கைக்குக் குடிநீர் இப்படிப் பல முறை வந்தது. குழாய்தான் வரவில்லை.

சட்டத்துக்கும் இதே முறைதான். சட்டம் வந்துவிட்டது, விதிகள்தான் இன்னும் வரவில்லை என்பார். நெசவாளர் வீரபத்திரன் எப்போதும் முன்வரிசையில் குந்திக்கொண்டிருப்பார். அவருக்கு இது புரியாது என்று எண்ணி அப்பா மறுபடி விளக்குவார்.

"புரியுதுபா," என்பார் வீரபத்திரன். "பாவு போட்டாச்சு. ஊடை நூலு இன்னும் வர்ல. சேலை எப்பன்னு கேட்டா, தறியக் காட்டுறே."

கூட்டம் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். அடுத்த மாதம் அதே உவமையைத் தன்னுடையது போலச் சொல்வார். ஒரு முறை அவருக்குப் பக்கத்து ஊரான கூரம் ஞாபகம் வந்தது. அங்கே பல்லவ ராஜா ஏரிக்கும் வாய்க்காலுக்கும் கொடுத்த உத்தரவைச் செப்பேட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறான், ஆட்சியில் இருப்பவன் ஜனங்களுக்கு அறிக்கை கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று உருகிப்போய்ச் சொன்னார்.

"அவன் ஏரிய வெட்டிட்டு அப்பறமா செம்புல வெட்னான்பா," என்றார் வீரபத்திரன்.

இது வரையில் எல்லா அறிக்கைக்காரர்களுக்கும் பொது. அப்பாவுக்கு மட்டும் உரிய விசேஷம் ஒன்று இருந்தது. நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பிட மாட்டோம். மற்றத் தலைவர்களின் கூட்டம் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றிய பிறகுதான் சூடு பிடிக்கும். அப்பாவின் கூட்டம் அதற்குள் முடிந்திருக்கும். மேடை மேஜைக்கு அடியில் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் அம்மா கொடுத்தனுப்பிய டிபன் கேரியர். கோபுரத்தின் மேல் வெயில் மஞ்சளாகும்போது அவர் குரலில் வேகம் கூடும். ஓட்டுக் கூரை வரை நிழல் ஏறும்போது நன்றி சொல்லிவிடுவார். அடுத்த நிமிஷம் பக்கத்து மளிகைக் கடையின் பின்கட்டில் கேரியர் திறக்கும் சத்தம் கேட்கும்.

இதனால் ஒரு விளைவு ஏற்பட்டது. மார்கழியில் அறிக்கை சுருக்கமாக இருக்கும். சித்திரையில் உட்பிரிவுகள் வரை விளக்கம் கிடைக்கும். காஞ்சிபுரத்து ஜனங்கள் சட்டம் கற்றதெல்லாம் வெயில் காலத்தில்தான்.

இன்னொரு விளைவும் உண்டு. கேள்வி கேட்கும் நேரத்தை அவர் கடைசியில் வைத்திருந்தார். கடைசியில்தான் பொழுதும் சாயும். வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சூரியன் எந்தத் துறையின் கீழும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டில் மாதா மாதம் வந்து மோதியவள் பெரியநாயகி. தாமல் ஏரிக்குக் கீழே அவளுக்குக் கொஞ்சம் நஞ்செய் இருந்தது. புருஷன் இல்லை. பயிரும் அவள் கையில்தான், வீடும் அவள் கையில்தான். ஏரியின் மதகு ஒன்று முழுதாக மூடவில்லை. இரவும் பகலும் தண்ணீர் அதன் வழியே வீணாக ஓடிப்போகும். நெல் பால் பிடிக்கிற சமயத்தில் ஏரியில் தரை தெரியும். வைக்கோல் பிரியையும் களிமண்ணையும் திணித்து அவள் அடைப்பாள். தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போகும். போன வருஷம் அவள் அறுத்ததில் பாதிக்கு மேல் பதர். இந்த வருஷமும் அப்படியே ஆனால் நிலத்தை விற்பதைத் தவிர வழியில்லை.

"ஐயா, எங்க ஊரு மதகு," என்பாள்.

"கவனத்தில் இருக்குதம்மா."

"உங்க கவனத்துல இருக்குது சரி. தண்ணி எங்க ஏரில இல்ல இருக்கணும்?"

"அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் விஷயம்," என்று மேற்கே பார்ப்பார் அப்பா. கேரியர் திறக்கும்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயம் அதுவாகவே இருக்கும். தாமல் மதகு பரிசீலனையில் இருந்தது. கொள்கையளவில் ஏற்கப்பட்டது. மதிப்பீடு தயாரானது. கைதட்டினார்கள். பெரியநாயகியும் ஒரு முறை தட்டினாள் என்று நினைக்கிறேன்.

ஐப்பசிக் கூட்டத்தில் அவள் கேள்வி நேரம் வரைக்கும் காத்திருக்கவில்லை. மேடைக்கு வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பதரை அப்பாவின் தாள்கள் மேல் கொட்டினாள். கோபுரத்தின் மேல் வெயில் மஞ்சளாகியிருந்தது. அப்பா வழக்கம்போல மேற்கே பார்த்தார்.

"சாப்புடுங்க ஐயா," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒரு வேளை போவுது. எங்களுக்கு வருசமே போவுது."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. தேரடி முழுவதும் அது கேட்டது.

அப்பா உட்கார்ந்தார். பிறகு, இந்த இனத்தில் நான் அதுவரை காணாத ஒன்றைச் செய்தார். கேள்வி கேட்டார். "மூடலன்னா எப்படி மூடலம்மா? கைப்பிடியத் திருகினா என்ன ஆவுது?" அவள் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். அவள் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். ஓட்டுக் கூரையிலிருந்தும் வெயில் போய்விட்டது.

"பொழுது சாஞ்சிடுச்சிபா," என்றார் வீரபத்திரன்.

"சாயட்டும்பா."

கேரியர் திறக்காமலே வீடு திரும்பியது. அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கூட்டத்துல அடிதடியா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குத் திரும்பவில்லை. அப்பா, பெரியநாயகி, நான் மூவரும் தாமல் ஏரிக்கரையில் நின்றோம். கைப்பிடியைத் திருகினேன். அது சுகமாகச் சுற்றியது; மதகுக் கதவை இறக்கும் தண்டு இறங்கவில்லை. தண்டு நேராகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டின் மரை தேய்ந்துபோய், நட்டு மட்டும் சும்மா சுழன்றது. கதவு, அதாவது ஷட்டர், துருவேறித் தரைக்கு ஒரு சாண் மேலே சிக்கி நின்றுவிட்டது. அந்த ஒரு சாண் வழியேதான் ஏரி போய்க்கொண்டிருந்தது.

"இதுக்கு எவ்வளவு நிதி வேணும்?" என்றார் அப்பா.

"நிதி வேணாம்பா. லேத் வேணும். புது நட்டு ஒண்ணு கடையணும்."

"மதிப்பீடு?"

"இப்ப பார்த்தேனே, அதான் மதிப்பீடு."

அவர் முகத்தில் ஒரு கலக்கம் வந்தது. பரிசீலனை இல்லாமல், ஒப்புதல் இல்லாமல், டெண்டர் இல்லாமல் ஒரு வேலையா? ஆறு கைதட்டல் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறதே? 

"இத எப்படிம்மா அறிவிக்கறது?"

"அறிவிக்க வேணாம். மாட்டினா போதும்."

மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், நட்டு வந்தால் அன்றைக்கே மாட்டிவிடலாம் என்றார். தேய்ந்த நட்டைக் கழற்றிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் வேலாயுதத்தின் லேத் பட்டறைக்குப் போனோம். வேலாயுதம் நட்டுக்குள் விரலை விட்டுத் தடவினார். பித்தளை வார்த்து வர மூன்று வாரம் பிடிக்கும், அடுத்த கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை தயாராகிவிடும், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"ஆள் வேணாம்," என்றார் அப்பா. "நானே வந்து வாங்கிக்கிறேன். நானே தாமலுக்குக் கொண்டும்போறேன். யார்கிட்டயும் குடுத்து அனுப்பாதே."

"நீங்க எதுக்கு ஐயா அலையணும்?"

"இந்தப் பதவியில எதையாவது ஒண்ணு கையால தூக்கிக்கினு போவணும்ல?"

அதைச் சொல்லும்போது அவர் அறுபது வயதுக்காரர் போல இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நட்டைப் பற்றிய பத்தி சரியாக அமையவில்லை. "திருகுமரை" என்று எழுதி அடித்தார். "ஒரு சிறு பொருள்" என்று எழுதி அதையும் அடித்தார். கிடைத்த ஒரே ஒரு கைதட்டலுக்கு ஏற்ற வாக்கியம் வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை காலையில் நான் ஊருக்கு வந்ததும் பேட்டரியை எடுத்தோம். புனலைப் பிடித்துக்கொண்டே அவர் பேட்டரிக்குச் சொன்னார்: "தாமல் மதகைப் பொறுத்தவரையில், பெரியோர்களே, ஒரு நட்டு." அவ்வளவுதான். அதற்கு மேல் வாக்கியம் தேவைப்படவில்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். "மத்தியானம் போய் வாங்கிக்கினு வந்துடறேம்மா," என்றார். சாப்பிட்டார். கை கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் வரும்போது அவருக்கு வேலை இல்லை.

சட்டமன்றத்தில் இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது உடனே நிறைவேறியது. விதிகள் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். வீரபத்திரன் வந்து வெகுநேரம் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே தேரடில பொழுது சாயறதே தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

பெரியநாயகி ஒரு மாலை நேரத்தில் வந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் அவள் எழுந்தபோது, நானாகவே வாசல் வரை போய்ச் சொன்னேன்.

"நட்டு தயாராயிடுச்சும்மா. இங்க எல்லாம் முடியட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம். என் கவனத்துல இருக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேற்கே பார்த்தேன்.

"நீ போய் சாப்புடும்மா," என்றாள் அவள். "பொழுது இருக்குது இன்னும்."

வாசகரே, இந்த இனம் சட்டமன்றத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணி இவ்வளவு தூரம் நிம்மதியாகப் படித்திருப்பீர்கள். நல்லது. நேற்று யாருக்காவது, ஆகிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னீர்களா? கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு வீட்டில் எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? சொல்லும்போது உங்கள் கண் எந்தத் திசையில் இருந்தது? இதற்கு ஓட்டு வாங்க வேண்டியதில்லை, டெபாசிட் கட்ட வேண்டியதில்லை. அப்பன் வழியிலும் வரும்.

நட்டு வேலாயுதத்தின் பட்டறை அலமாரியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. யாரிடமும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று சொல்லப்பட்டிருப்பதால் அவர் இன்னும் அனுப்பவில்லை. ஏரி ஒரு சாண் வழியே போய்க்கொண்டிருக்கிறது. தாமல் பஸ் அந்தப் பட்டறை வாசலில்தான் நிற்கும்.