மிசௌரி ஆற்றில் அஞ்சலாட்சி

எண்பத்தைந்தாம் வருஷம் முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அனுப்பிவைத்தது அரசின் நவீனக் கல்வி மேம்பாட்டுப் பிரிவு. அந்தப் பிரிவு அதற்கு முந்தின மாதம்தான் பிறந்திருந்தது. மேம்படுத்துவதற்கு எதையாவது அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தது.

வகுப்பறைகளில் மழைக்கு ஒழுகாத ஒரே அறையைக் காலிசெய்து, ஏ.சி. பொருத்தி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று பலகை மாட்டினார்கள். கம்ப்யூட்டரோடு ஒரே ஒரு ஃபிளாப்பித் தட்டுதான் வந்திருந்தது. அமெரிக்க வரலாறும் பூகோளமும் கற்றுத்தரும் விளையாட்டு அது. ஆகவே இனி பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அமெரிக்க பூகோளம் இன்றியமையாதது என்று பிரிவு முடிவெடுத்தது. தட்டில் வேறொன்றும் இல்லை என்பது அதற்கான கல்விசார் காரணம்.

விளையாட்டு சுலபம். பெயரைத் தட்டினால் திரையில் ஒரு மாட்டு வண்டி வரும். மாவு, மருந்து எல்லாம் ஏற்றிக்கொண்டு, அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் போன வழியில் மலையும் ஆறும் கடந்து கலிபோர்னியா போய்ச் சேரவேண்டும். பூகோள டீச்சர் தையல்நாயகி பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்தார். அஞ்சலாட்சியின் முறை வந்தது. மில் தொழிலாளி வீட்டுப் பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. ஆழம் பார்க்காமல் மிசௌரி ஆற்றில் வண்டியை இறக்கினாள். ‘அஞ்சலாட்சி மூழ்கி இறந்தாள்’ என்று ஆங்கிலத்தில் பச்சை எழுத்து மின்னியது. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

கம்ப்யூட்டர் அச்சடித்துத் தருவதை அன்றன்றே அனுப்பவேண்டும் என்பது பிரிவின் உத்தரவு. அன்று இந்த வரியும் அச்சாகிப் போயிற்று.

மறுநாளே பிரிவின் துணை இயக்குநர் ராஜாங்கம் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துப் பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை அறிவித்தார். யாருக்காக விடுமுறை என்று யாரும் கேட்கவில்லை. விடுமுறையை எதற்கு என்று கேட்கும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் கிடையாது. அஞ்சலாட்சியும் தோழிகளோடு மேட்னி ஷோ போய்வந்தாள்.

பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தபோதுதான் அவளுக்கு மட்டும் வரவில்லை என்று தெரிந்தது. தையல்நாயகி அவளையும் அவள் அம்மா செல்வாம்பாளையும் கூட்டிக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போனார்.

ராஜாங்கம் கோப்பைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பெத்தவங்களுக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னே தெரியலம்மா” என்றார்.

“ஐயா, பொண்ணு தோ நிக்குதுங்க” என்றாள் செல்வாம்பாள்.

“நிக்கலாம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ரெக்கார்டுல மூழ்கிட்டுதே.”

“சார், அது வெளையாட்டு” என்றார் தையல்நாயகி.

“அரசாங்கம் விளையாடாதும்மா. அதுவும் போகட்டும், இங்க இருக்கிற நம்ம பாகூருக்கு டூர் போறதுன்னாலே நடுவுல தமிழ்நாடு வருதுன்னு முன் அனுமதி வாங்குறோம். நீங்க மிசௌரி வரைக்கும் யாரைக் கேட்டுப் புள்ளையை அனுப்புனீங்க?”

செல்வாம்பாள் விடவில்லை.

“எங்க பெரிப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவருங்க. வருஷா வருஷம் நேர்ல போயி, உசுரோட இருக்கேன்னு காட்டிட்டு பென்ஷன் வாங்குறாரு. இவளும் நேர்லதான வந்துருக்கா?”

“பிரெஞ்சுக்காரன் கண்ணால பாத்தா நம்பிடுவான். நம்ம சட்டம் அவ்வளவு லேசு இல்ல” என்றார் ராஜாங்கம் பெருமையோடு.

அஞ்சலாட்சிக்கு அதுவரை வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது கண் கலங்கிவிட்டது. “சார், இந்த வருஷம் எழுதலன்னா எங்கப்பா என்னை வேலைக்கு அனுப்பிடுவாரு சார்” என்றாள்.

ராஜாங்கம் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். “எங்க செத்ததோ அங்கதான் பொழைக்கணும். மறுபடியும் அந்த ஆத்தத் தாண்டட்டும். நானே வந்து பாக்குறேன்.”

சொன்னபடியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அஞ்சலாட்சி பெயரைத் தட்டினாள். ஆறு வந்தது.

“எறங்காத, எறங்காத! ஆழம் எவ்வளவு போட்டிருக்கு பாரு” என்று ராஜாங்கம் எழுந்து நின்றுவிட்டார். அஞ்சலாட்சி காத்திருந்து, வெள்ளம் வடிந்ததும் கடந்தாள். மலையில் மாடு ஒன்று செத்தது, ராஜாங்கம் உச்சுக்கொட்டினார். வழியில் காய்ச்சல் வந்தது. “மருந்து குடும்மா, மிச்சம் புடிக்காத” என்றார். கடைசியில் திரையில் கடல் தெரிந்தது. ‘அஞ்சலாட்சி கலிபோர்னியா வந்து சேர்ந்தாள்’ என்று எழுத்து வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். செல்வாம்பாள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராஜாங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் முகம் மாறியது.

“ஒரு சின்னச் சிக்கல் இருக்கு” என்றார். “உசுரோட இருக்கறது உறுதியாயிடுச்சு. ஆனா இருக்கறது அமெரிக்காவுல.”

“வண்டியத் திருப்பி ஓட்டிக்கிட்டு வரட்டும் சார்” என்றார் தையல்நாயகி. தட்டில் திரும்பிவரும் வழி இல்லை. போனவர்கள் யாரும் திரும்பவில்லை போலிருக்கிறது.

ராஜாங்கம் விதிகளை அலசி ஆராய்ந்து வழி கண்டுபிடித்தார். வெளிநாட்டிலிருந்து வந்து தேர்வு எழுதும் மாணவி என்ற முறையில் அஞ்சலாட்சிக்கு ஹால் டிக்கெட் வழங்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பாஷை தெரியாது என்பதால் தமிழ்த் தாளில் இருபத்தைந்து மதிப்பெண் சலுகையும் உண்டு. தமிழைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாத அஞ்சலாட்சி அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

தேர்வு முடிவு வந்தது. தமிழில் மாநிலத்திலேயே அவள்தான் முதல். ‘அமெரிக்க மாணவி சாதனை’ என்று பேப்பரில் போட்டோ வந்தது. தெருவில் அவளை அமெரிக்கா ரிட்டர்ன் என்றார்கள். பெண் கேட்டுத் தவளக்குப்பத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது.

மறுவருஷம் பள்ளி திறந்த அன்று வாசலில் நிற்க இடம் இல்லை. மில்லுக்குப் போகவேண்டியவர்கள், கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள், ஆசிரியர்கள், எல்லோரும் ஆளுக்கொரு பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரிசையில் முதல் ஆள், மகளோடு வந்திருந்த ராஜாங்கம்.

தையல்நாயகி கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்து உரக்கச் சொன்னார்: “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இது வெறும் வெளையாட்டு. இதுல யாரும் அமெரிக்கா போறதும் இல்ல, வர்றதும் இல்ல.”

“அது எங்களுக்குத் தெரியாதா டீச்சர்?” என்றார் ராஜாங்கம். “சீக்கிரம் ஏத்தி விடுங்க, மழைக்காலம் வந்தா ஆத்துல தண்ணி ஏறிடும்.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

“கொஞ்சம் பொறுங்க” என்று கதவைப் பாதி சாத்தினார் தையல்நாயகி. “உள்ள எம் பொண்ணு இப்பதான் மலை ஏறிக்கிட்டு இருக்கா.”