முன்னச்சுச் சீலும் வெள்ளிக்கிழமை நாலு மணியும்

கொட்டாஞ்சேனை,
23.08.1997, சனிக்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய கனடா மாமா அவர்களுக்கு,

மருமகள் செலீன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் ஆண்டவருடைய கிருபையாலும் சந்திப் பொலிஸாருடைய கிருபையாலும் சுகம். அங்கே நீங்களும் மாமியும் குளிரில் விறைக்காமல் இருக்கவேண்டும் என்று அம்மா ஓகஸ்ட் மாதத்திலேயே மெழுகுதிரி கொளுத்துகிறா.

நீங்கள் அனுப்பிய லொறிச் சீல் பார்சல் கிடைத்தது. பூட்டியாயிற்று. நன்றி. "இந்த மூண்டையும் எழுது, வேற ஒண்டும் எழுதி மாமாவைப் பயப்படுத்தாதை" என்பது அப்பாவுடைய கட்டளை. நிறைவேற்றிவிட்டேன். இனி வருவது அப்பாவுக்குத் தெரியாது.

அப்பாவும் அவருடைய கூட்டாளி அலவி நானாவும் ஏலத்தில் எடுத்த பழைய ஆர்மி லொறிக்கு வானநீலப் பெயின்ற் அடித்தார்கள். சுரண்டுப்பட்ட இடமெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கிறது. அது பரவாயில்லை மாமா, முன்சில்லு இரண்டாலும் எண்ணெய் ஒழுகிப் பிரேக்கெல்லாம் ஊறிவிட்டது. எங்கள் வாசலில் பிரேக் அடித்தால் நாலு வீடு தள்ளிப் பத்மாவதி அன்ரி வீட்டு வாசலில்தான் நிற்கும். அதனால் ஒழுங்கையிலேயே போட்டு வைத்திருந்தோம். திங்கட்கிழமை பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். ஞாயிறு கோயில் பெருநாள், ஒழுங்கை வெறுமையாக இருக்கவேண்டும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கும் லொறி இங்கே நின்றால் ஐயா எங்களோடு ஸ்டேசனில் நிற்பார் என்று அப்பாவைப் பார்த்துச் சிங்களத்தில் மிக மரியாதையாகச் சொன்னார். மூன்றாம் வீட்டு அண்ணா போன வருஷம் "சும்மா ஒரு விசாரணை" என்று போனவர், வர ஐந்து மாதம் எடுத்தது. அன்றிரவு அம்மா அப்பாவுடைய சேட்டு ஒன்றையும் சாரம் ஒன்றையும் ஒரு பையில் மடித்து வைத்தா. அதைப் பார்த்த பிறகு நானே இரண்டு நாள் பகிடி விடவில்லை.

அப்பா தான் வேலை செய்கிற புதுக்கடை நீதிமன்றத்தில் லீவு போட்டார். முப்பது வருஷம் கோட்டில் சீல் குத்தினவருக்கு லொறிக்கு ஒரு சீல் குத்த வராதா என்று கேட்டேன். முறைத்தார். பிறகு கழற்றுகிற ஒவ்வொரு நட்டுக்கும் வழக்குச் சாமான்களுக்குக் கட்டுகிற மாதிரி நூலில் துண்டு கட்டி இலக்கம் போட்டார். இடது சில்லு வழக்காளி, வலது சில்லு எதிராளி. முன்னச்சைக் கழற்றக் கழற்றத்தான் எங்களுக்குப் பின் அச்சம் பிடித்தது. ஆனால் மாமா, உள்ளே எவ்வளவு வடிவு தெரியுமா? சில்லுக்குப் பின்னால் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை, அதற்குள்ளால் என் உயரத்துக்கு ஒரு தண்டு, அது நுழைகிற வாயில் நீங்கள் அனுப்பிய சீல் என்கிற இந்தச் சின்ன இறப்பர் வளையம். உதடு மாதிரி ஒரு விளிம்பு, அதற்குள்ளே தலைமயிர் மாதிரி ஒரு சுருள்கம்பி. இவ்வளவு பெரிய லொறியின் மானத்தை இந்த உதடுதான் மூடிக் காக்கிறது. என் வாயைவிடத் திறம்.

புதுச் சீல் இரண்டையும் அப்பாதான் அம்மாவின் ரொட்டிப் பலகையை வைத்துத் தட்டி இறுக்கினார். வியாழன் பின்னேரம் எண்ணெய் ஊற்றி, லொறியை ஒழுங்கை முனைவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தோம்.

அலவி நானா குனிந்து பார்த்தார். "செபஸ்தியன், முந்தி சொட்டிச்சி. இப்ப குழாயத் தொறந்த மாதிரி ஈக்கிதே!"

அம்மா பைக்குள் ஒரு துவாயும் வைத்தா.

வெள்ளி காலை எட்டு மணிக்குச் சந்திக் காவலரணில் நிற்கிற பண்டார என்ற ஆர்மிப் பெடியன் துவக்கோடு வந்தான். அவன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, எண்ணெயை விரலால் தொட்டு மணந்து பார்த்து, "அங்கிள், சீல் எக்க அனித் பெத்தட்ட!" என்றான். மற்றப் பக்கமாம்! இதே சாதி லொறியை இரண்டு வருஷம் ஓட்டினவனாம். உதடு எண்ணெய் இருக்கிற பக்கம் பார்க்கவேண்டுமாம்.

"அதெப்பிடி?" என்றார் அப்பா. "உதட்டுப் பக்கத்திலதானே எழுத்துக் கிடக்கு, அது வெளியில தெரிய வேணுமெல்லோ? வாசிக்கேலாமல் ஆரும் ஃபைல் பண்ணுவினமோ?"

"அப்பா, அச்சுக்குள்ள போய் ஆர் வாசிக்கிறது? கரப்பானே?"

பண்டாரவுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் சிரித்தான். துவக்கைக் கீழே வைக்க அவனுக்கு அனுமதியில்லை, துவக்கோடு லொறிக்குக் கீழே படுக்கவும் ஏலாது. அப்பாவுக்கு முதல் நாள் கீழே படுத்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை. ஆகவே பண்டார நின்று சொல்ல, நான் படுத்துச் செய்தேன். "பொம்பிளைப் பிள்ளை கிறீஸுக்குள்ள..." என்று அம்மா தொடங்கினா, பையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டா. கிண்டி எடுத்த சீல் இரண்டும் பழுது. இரண்டு கேட்டால் நாலு அனுப்புகிற மாமா நீங்கள் நீடூழி வாழ்க! உதட்டை உள்ளே பார்க்க வைத்து, எண்ணெய் தடவி, சுற்றிச் சுற்றித் தட்டினேன். "ஹெமின், நங்கி, ஹெமின்" என்று அவன் மேலே நின்று தங்கச்சியை மெதுவாகத் தட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். வழக்காளி, எதிராளி எல்லாம் இலக்கப்படி திரும்பப் பூட்டி முடிய மூன்று மணி. ஒரு சொட்டு ஒழுகவில்லை!

மூன்று நாற்பதுக்கு அலவி நானா லொறியைக் கொலன்னாவையில் தன் மச்சினனுடைய வளவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நாலு மணிக்குச் சார்ஜன்ட் வந்தார், வெறும் ஒழுங்கையைப் பார்த்தார், அப்பாவுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். அப்பா கதிரையில் இருந்து, மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்தார். ஆகவே மாமா, ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம். லொறியும் நல்ல இடத்தில், அப்பாவும் வீட்டில்.

மாமிக்கு என் அன்பும் தம்பிமாருக்கு என் குட்டும். உங்கள் எல்லோருக்கும் மாதாவின் துணை கிட்டுவதாக.

கிறீஸ் நகத்தோடு,
மருமகள் செலீன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் ஒழுங்கையில் இரைச்சல். லொறி வந்துவிட்டது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு ஜீப். மச்சினனுடைய வளவு, தொண்ணூற்றைந்தில் குண்டு வைத்து எரித்த பெற்றோல் தாங்கிகளின் மதிலோடு ஒட்டினதாம்! பச்சை தெரிகிற ஆர்மி லொறியை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும் என்று கொழும்பில் அலவி நானாவுக்கு மட்டும்தான் தெரியவில்லை. இரவு முழுக்க அவரையும் லொறியையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அப்பா பையை எடுத்துக்கொண்டு தானாகவே வாசலுக்குப் போனார். சார்ஜன்ட் பையைப் பார்த்துவிட்டு, இந்த முறை தமிழில், "ஐயா எங்க போறது? நீங்களும் லொறியும் இனி இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. இங்க நிண்டாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். நாளைக்குப் பெருநாள் ஊர்வலச் சுரூபம் லொறியைச் சுற்றித்தான் போகுமாம்.