ஓடாத டிஸ்க்

"இதுவும் சூப்பரா ஓடுச்சு" என்றாள் முதல் பெஞ்சுக்காரி இவனிடம். "தேங்க்ஸ்." போய்விட்டாள்.

அதுதான் பிரச்சினை. டிஸ்க் ஓடிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. கூடிய சீக்கிரம் படிப்பும் முடிந்துவிடும். அப்புறம் அவள் எந்த ஊரோ, இவன் எந்த ஊரோ.

கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை டிஸ்க்கில் பதிந்து கொடுப்பதில் இவன் மன்னன். கம்ப்யூட்டரில் செருகி ஆன் செய்தால் போதும், உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் டிஸ்க்கிலிருந்தே ஓடும். வகுப்பில் இவன் பெயரே டிஸ்க்கு. அவளுக்குக் கொடுப்பதில் மட்டும் மேலே எழுதும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை அவள் பையில் வைக்கிற அழகைப் பார்ப்பதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பான்.

"லூசு, நல்லா ஓடுற டிஸ்க்கக் குடுத்தா உன்ன எதுக்குடா தேடி வருவா?" என்றான் அறைத்தோழன் சோடாபுட்டி. "சொதப்பிக் குடு. ஓடலன்னு வந்து நிப்பா. பக்கத்துல உக்காந்து சரி பண்ணு."

பதிவதைப் பாதியிலேயே நிறுத்திய டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான்.

"போன தடவைய விட வேகம்!" என்றாள்.

அடுத்ததை ஆணியால் கீறினான். சோடாபுட்டியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரே கரகரவென்று கத்திவிட்டு நின்று போனது.

"கலர் எல்லாம் அருமை" என்றாள்.

கடைசியாக, உள்ளே ஒன்றுமே பதியாத வெறும் டிஸ்க்.

"மனசுக்கு அமைதியா இருந்துச்சு. அடுத்தது எப்போ?"

அன்று இவன் சாப்பிடவில்லை. சுருண்டு படுத்துவிட்டான்.

"அவ போட்டே பாக்கலடா. பாவமேன்னு வாங்கிக்கிறா."

"எந்திரி. போய் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வா, சனியனே. என் கம்ப்யூட்டர் போனதுக்காவது ஒரு பதில் வேணும்."

பெண்கள் விடுதி வாசலில் அவளுடைய அறைத்தோழிதான் வந்தாள்.

"அவ குளிக்கிறா. நீங்க டிஸ்க்குதானே?"

"ஆமாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, பொய் வேணாம். அவங்க கம்ப்யூட்டர்ல என் டிஸ்க்க ஒரு தடவையாவது போட்டுப் பாத்தாங்களா?"

அவள் இவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரா? அது அவகிட்ட ஏதுங்க? எல்லா டிஸ்க்கையும் தலகாணிக்கு அடியில வச்சுல்ல தூங்குறா!"